கலெக்டரை விற்க வேண்டாம்

மகனே,

இன்று காலை உன் குதிரை மேல் உட்கார்ந்து நான் ஓடினேன். நடை இல்லை. எலும்பெல்லாம் கழன்றுவிடும்போல் குலுக்குகிற அந்த ட்ராட்டும் இல்லை. கேன்டர் என்று சொல்வீர்களே, அந்த ஓட்டம். வேப்பமரத்தில் ஆரம்பித்துத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும், மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க. விழவில்லை. கத்தவும் இல்லை. அப்பாவைக் கேட்டால் கத்தினேன் என்பார், நம்பாதே. வீட்டுக்கு வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, எல்லாம் ஆன பிறகும் இன்னும் அவன் மேலேயே உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகுமா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. லிங்கராஜபுரம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம்போல் இருக்கிறது. ஆனால் முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். நீதானே அவனை விற்கச் சொல்லியிருக்கிறாய்.

கலெக்டரை விற்க வேண்டாம். இதை வாட்ஸப்பில் ஒரே வரியில் போட்டிருக்கலாம். போட்டால் நீ உடனே கூப்பிடுவாய். நெதர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு காரணமாக எடுத்து வைப்பாய். நடுவில் நான் அழுதுவிடுவேன், நீ ஜெயித்துவிடுவாய். அதனால் கையால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கு அதுதான் வேண்டும்.

நீ சொன்ன காரணங்களை நான் மறக்கவில்லை. மே மாதக் கடைசியில் நீ விமானம் ஏறினாய். கலெக்டர் ஹென்னூரைத் தாண்டி பாகலூர் போகிற வழியில், காவேரி நடத்துகிற அந்தக் குதிரைப் பள்ளியிலேயே நின்றான். போய்ச் சேர்ந்த முதல் வாரமே போன் செய்தாய். "அம்மா, அவன் ரேஸ் ஓடின குதிரை. தெனமும் வேலை வாங்காம சும்மா நிறுத்தி வெச்சா கெட்டுப்போயிடுவான். காவேரிக்கு அவங்க குதிரைங்களைப் பாக்கவே நேரம் இல்ல. ஹொசகோட்டேல கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வெச்சிருக்கறவர் ஒருத்தர் கேக்கறார், நல்லவராம். நீ போய் என் சார்பா கையெழுத்து மட்டும் போட்டுட்டு வா." நான் சரி என்றேன். அந்த ஹொசகோட்டேக்காரர்தான் அவசரப்படவில்லை. ஆஷாடம் வருகிறது, ஆஷாடத்தில் கன்னடக்காரர்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள், வேலை இல்லாத குதிரைக்கு எதற்குத் தீனி போட வேண்டும், அது முடிந்ததும் வந்து ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த இடைவெளியில்தான் உன் அம்மா நுழைந்துவிட்டாள்.

உனக்குத் தெரியும், நீ அவனை வாங்கிய இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்த கேட்டைத் தாண்டியது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டர் கைகொடுப்பதற்குள் நீ காணாமல் போய்விடுவாய், அந்தக் கோபம் எனக்கு. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து நேராக, பட்டுப்புடவையும் தலையில் மல்லிகையுமாக, ஒரு பை காரட்டோடு ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். விற்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான். கலெக்டர் தன் கொட்டடியில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்தான். ஏதோ பாட்டுக்கு ஆடுகிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற ரஹீம் பாய் சிரிக்கவில்லை. "அம்மா, அது ஆட்டம் நை. சும்மா நின்னு நின்னு வர்ற பைத்தியம். தம்பி போனதுலேர்ந்து யாரும் ஏர்றதில்லே" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிட்டே போனேன். அவன் ஆடுவதை நிறுத்தினான், காரட் பையைப் பார்க்கவேயில்லை, நீளக் கழுத்தை வெளியே நீட்டி, என் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை அப்படியே உருவிச் சாப்பிட்டுவிட்டான். சாப்பிட்டுவிட்டு, மனு கொடுக்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே என்னை ஒரு பார்வை பார்த்தான். உனக்கு ஏன் அந்தப் பெயர் தோன்றியது என்று அப்போதுதான் புரிந்தது.

காவேரியைத் தேடிப் போனேன். குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். "யாராச்சும் தெனமும் அவன் மேல ஏறினா நானே விக்க விடமாட்டேன் ஆன்ட்டி. ஆனா யாரு இருக்காங்க?" என்றாள். நான் ஏறுகிறேன் என்றேன். சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள். "நீங்க இதுக்கு முன்னால எதாவது ஓட்டியிருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள், பாவம், மரியாதையான பெண். "முப்பது வருஷமா ஸ்கூட்டர் ஓட்டறேன். ஹெல்மெட்கூட இருக்குது" என்றேன்.

அவள் என்னை நேராகக் கலெக்டர் மேல் ஏற்றிவிடவில்லை, புத்திசாலி. முதலில் மேனகா. மார்வாரிப் பெண்குதிரை, நீயும் அவள் மேல்தான் கற்றுக்கொண்டாயாமே. உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். எனக்கு எல்லாமே புதுசு, யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அந்தக் காதுகளைப் பார்த்ததும் எனக்குக் கண் நகரவில்லை. நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிறது. மார்வாரிக்கும் காத்தியவாரிக்கும்தான் அப்படி என்றாள் காவேரி. ராஜஸ்தான் மணலில் நாள் முழுக்க நடக்கிற ஜாதியாம். ரேவால் என்று ஒரு நடை போடுவாள், முதுகு அசையவே அசையாது, கையில் காபி டம்ளர் இருந்தாலும் சிந்தாது. பக்கத்துக் கொட்டடியில் குழந்தைகளுக்கான மலைக்குதிரை ஒருவன், குள்ளன், உலகத்தில் இருக்கிற திருட்டுத்தனம் மொத்தமும் அவனிடம்தான். குழந்தை ஏறியதும் நொண்டுவான், இறங்கியதும் ஓடுவான். கடைசிக் கொட்டடியில் நம் கலெக்டர், தரோபிரெட் என்கிற ரேஸ் ஜாதி. நெட்டைக் கால், மெல்லிய தோல், தோலுக்கு அடியில் ஓடுகிற நரம்பெல்லாம் தெரிகிறது. ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து விரட்டுகிறான். ஈயின் கால் தெரிகிற உடம்புக்கு என் பயம் தெரியாமலா இருக்கும் என்று அன்றே எனக்குக் கவலை வந்துவிட்டது.

குதிரையிடம் வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய கஷ்டம் என்று யோசித்துப் பார். முதல் வாரம் முழுக்க மேனகாவிடம் "இப்படி வா கண்ணு, அங்க போகாதே கண்ணு" என்று பேசிக்கொண்டே இருந்தேன். அவள் தன் இஷ்டத்துக்கு வேலியோரம் போய்ப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, ஸ்வல்ப வாயை மூடிட்டு, எங்க போகணுமோ அங்க மட்டும் பாருங்க" என்றாள் காவேரி. பார்த்தேன். மேனகா போனாள். வேப்பமரத்தைப் பார்த்தால் வேப்பமரம், தொட்டியைப் பார்த்தால் தொட்டி. நாம் தலையைத் திருப்பும்போது தோள் திரும்புகிறது, இடுப்பு கூடவே திரும்புகிறது, அந்தத் துளி எடை மாறுவதை அவள் முதுகு வாங்கிக்கொள்கிறது. பெங்களூர் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவளுக்கு இது புரியாதா? குழியையே பார்த்துக்கொண்டு போனால் குழியில்தான் இறங்குவோம். அப்புறம் காது. இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் நான் மேலே இருப்பதே அவளுக்கு நினைவில்லை, கேட்டில் வருகிற பால்காரரைப் பார்க்கிறாள். இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டால் யாரோ கடி வாங்கப்போகிறார்கள். ஒன்று மட்டும் லேசாகப் பின்னால் திரும்பினால் அது எனக்கு. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறாள். அந்த ஒற்றைக் காது முதல் தடவை என் பக்கம் திரும்பிய அன்று வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். எதற்குப் பாயசம் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. குதிரைக்குக் காரட் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றுதான் அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

மூச்சு விஷயம் இன்னும் மோசம். பயம் வந்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், எனக்கே தெரியாமல். நான் பிடித்தால் மேனகாவின் முதுகு பலகையாகிவிடுகிறது. பாடுங்கள் ஆன்ட்டி, பாடினால் மூச்சைப் பிடிக்க முடியாது என்றாள் காவேரி. பாடகர் குழுவில் இத்தனை வருடம் பாடிய கீர்த்தனைகள் எல்லாவற்றையும் மேனகாவுக்குப் பாடியாயிற்று. நீயும் அங்கே மீட்டிங்கில் பெரிய ஆட்கள் முன்னால் உட்காரும்போது மூச்சை அடக்கிக்கொண்டு உட்காராதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, பரீட்சை ஹாலுக்குள் போகும்போது உன் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். எதிரே இருக்கிறவர்களுக்கு அது தெரியும் கண்ணு, மனிதர்களும் அப்படி ஒன்றும் தடித்த தோல்காரர்கள் இல்லை.

ஜூலையில் காவேரி என்னைக் கலெக்டர் மேல் ஏற்றினாள். ஏறுவதற்கென்று போட்டிருக்கிற மேடையில் நின்று, ஒரு காலைச் சேணத்து வளையத்தில் வைத்ததுமே அவன் கிளம்பிவிடுவான். நான் ஒற்றைக்காலில் கூடவே தத்திக்கொண்டு போவேன். திமிர் பிடித்தவன் என்று திட்டினேன். ரேஸில் ஜாக்கியை, குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே காலைப் பிடித்துத் தூக்கிப் போடுவார்களாம். ஆள் ஏறும்போது நடக்க வேண்டும் என்றுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் சொன்னதைச் செய்தான், நான் திட்டினேன். அன்றைக்கே மிச்சத்தையும் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

ஆஷாடத்தின் நடுவில் ஒரு நாள் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் இருந்தது. அவ்வளவு தூரம் தனியாக ஆட்டோவில் போகாதே என்று அப்பா கூடவே வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு கல்லில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். நல்லதாகப் போயிற்று என்று நான் உள்ளே போய் ஏறிவிட்டேன். அதுவரைக்கும் காவேரி ஒரு நீளக் கயிற்றில் கலெக்டரைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அன்றுதான் முதல் தடவையாகக் கயிற்றை அவிழ்த்தாள். ட்ராட் போனோம். நன்றாகத்தான் போனது. கொஞ்சம் வேகம் கூடினமாதிரி இருந்தது. ஸ்கூட்டரில் வேகம் கூடினால் என்ன செய்வோம்? இரண்டு கையிலும் பிரேக்கை இறுக்குவோம். இறுக்கினேன். கலெக்டர் கழுத்தை நீட்டி, கடிவாளத்தின் மேல் தன் பாரத்தைச் சாய்த்து, பாய்ந்தான். இன்னும் இழுத்தேன். இன்னும் பாய்ந்தான். அவன் கோபமாக ஓடவில்லை, வெகு சந்தோஷமாக ஓடினான், அதுதான் கொடுமை. வேலி, மரம், தொட்டி, மறுபடியும் வேலி. காவேரி நடுவில் நின்று இங்கிலீஷிலும் கன்னடத்திலும் கத்துகிறாள், எனக்கு ஒரு எழுத்துகூட ஏறவில்லை. ஏசப்பாவைக் கூப்பிட்டேன், உன்னையும் கூப்பிட்டேன். அப்போது வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"விட்டுடுடி. போஸ்ட்டைத் தாண்டியாச்சு. ஜெயிச்சுட்டே, விட்டுடு."

கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பா சொன்னதை ஏன் எதற்கு என்று கேட்காமல் நான் செய்தது அதுதான் முதல் தடவை. கையை விட்டேன். உடம்பு அப்படியே தொய்ந்து சேணத்தில் உட்கார்ந்தது, உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. கலெக்டரின் ஒரு காது பின்னால் திரும்பியது. ஓட்டம் ட்ராட் ஆயிற்று, ட்ராட் நடையாயிற்று, நின்றுவிட்டான். மூக்கால் நீளமாக ஒரு முறை ஊதிவிட்டு, வாயை மென்றுகொண்டு நின்றான்.

அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேப்பர் கல்லின் மேல் கிடந்தது. "காரட் குடுக்கப் போறேன்னியே" என்று மட்டும் கேட்டார். காவேரி ஓடிவந்து, அங்கிளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "ரேஸ் குதிரைக்கு லகான் இறுகினா ஓடுன்னு அர்த்தம்மா. ஜாக்கி புடிச்சுகினே இருப்பான், அது அதும்மேல சாஞ்சுகினு ஓடும். வின்னிங் போஸ்ட் தாண்டினதும் கையை வுட்டுடுவான். அப்பத்தான் அதுக்குத் தெரியும், முடிஞ்சுதுன்னு. இவ இழுத்துகினே இருந்தா. அது இன்னா பண்ணும் பாவம், இன்னும் ரேஸ் முடியலன்னு நெனச்சுது." காவேரி தலையாட்டினாள். நீ அவன் மேல் ஏறும்போது கடிவாளத்தை இறுக்கவே மாட்டாயாம், ஆழமாக உட்கார்ந்தாலே நின்றுவிடுவானாம். அதனால்தான் அவனுக்குள் அந்தப் பழைய பாடம் கலையாமல் இருந்தது அவளுக்கே மறந்துவிட்டது.

அவர் உன்னிடம் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். உன் அப்பா ஃபாக்டரியில் சேர்ந்த நாளிலிருந்து நீ பிறக்கிற வரைக்கும் ரேஸ் நடக்கிற ஒரு நாளைக்கூட விட்டதில்லை. தங்கவயலிலிருந்து வந்த நண்பர்கள் எல்லாருமாக, கம்பி வேலியோரம், பைனாகுலரோடு நிற்பார்கள். நீ பிறந்த வாரம் தானாக நிறுத்தினார், நான் கேட்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு ரேஸ் மைதானம் இருக்கிற ரோட்டில் பஸ் போனால் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நீ குதிரை வாங்கியிருக்கிறேன் என்று வந்து சொன்ன அன்று அவர் எழுந்து உள்ளே போனதும், மூன்று வருடம் எட்டிப் பார்க்காததும், உன் மேல் வெறுப்பு என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று அந்தப் பள்ளி வேலியோரம்தான் சொன்னார்: "பாத்தா திரும்பவும் புடிச்சுக்கும்னு பயம்." பிறகு, "இத்தினி வருசம் இதுங்க மேல பணம் கட்டியிருக்கேன். ஒண்ணைக்கூட தொட்டதில்லை" என்றார். நான் மேலே உட்கார்ந்திருக்க, அவர் கையை நீட்டினார். வியர்வையில் நனைந்த கழுத்தில் உள்ளங்கையை வைத்தார். கலெக்டர் அவருடைய சட்டைப்பையை மோந்து பார்த்து, கண்ணாடியை வெளியே இழுத்துக் கீழே போட்டான். அப்பா அதை எடுக்கக் குனியவில்லை. கையை எடுக்க மனசில்லாமல் அப்படியே நின்றார். உனக்கு இந்தக் குதிரைப் பித்து எங்கிருந்து வந்தது என்று இனிமேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இப்போது தினமும் எனக்கு முன்னால் எழுந்து காரட் நறுக்குகிறார். உன்னை அவன் இவன் என்று பேசுகிற மனுஷன், குதிரைக்கு மட்டும் மரியாதை: "கலெக்டர் சாப்ட்டாரா, கலெக்டருக்கு ஈ மொய்க்குது பாரு."

ஆஷாடம் முடிந்தது. போன சனிக்கிழமை ஹொசகோட்டேக்காரர் வந்தார். தப்பான ஆள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தன் குதிரைகளின் போட்டோக்களைக் காட்டினார், எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. ஊர்வலச் சத்தம் தாங்குவானா என்று பார்க்க, போனில் பேண்டும் டமாரமும் முழுச் சத்தத்தில் வைத்தார். கலெக்டர் தலையைத் தூக்கினான், காதுகள் விறைத்தன, கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்க ஆரம்பித்தான். அவருக்கு ஒரே குஷி. "டான்ஸ் மாடுத்தே அம்மா, சூப்பர்" என்றார். ஜூன் மாதம் என்றால் நானும் கைதட்டியிருப்பேன். இப்போது எனக்கு அவன் கழுத்து வியர்ப்பது தெரிகிறது. கூட்டச் சத்தம் கேட்டதும் ரேஸ் கதவு திறக்கப்போகிறது, ஓட வேண்டும் என்று தவிக்கிறான். இவன் மேல், வாழ்க்கையில் குதிரையையே பார்க்காத ஒரு மாப்பிள்ளையை ஏற்றுவார்கள். அந்தப் பிள்ளை பயத்தில் என்ன செய்யும்? கிடைத்ததை இறுகப் பிடிக்கும். நடுரோட்டில், பேண்டுக்காரர்களும் குழந்தைகளும் முன்னால் நடக்கும்போது. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்வார்கள், பழக்கிவிடலாம் என்றார். நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஓனர் ஹேளலி அம்மா" என்றார். சொந்தக்காரர் சொல்லட்டும், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று போய்விட்டார். சொந்தக்காரன் நீ. அவர் சொன்னதில் தப்பே இல்லை.

காவேரி ஒரு கண்டிஷன் போட்டாள். "நீங்க அவனை ஓட வெச்சு, நீங்களே நிறுத்தணும் ஆன்ட்டி. யாரும் கத்திச் சொல்லாம. அப்புறம் நான் உங்க பக்கம்." அதுதான் இன்று காலை. வேப்பமரத்தடியில் நின்று தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். மூச்சை விட்டேன். வலது காலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, தொட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நினைத்தேன். அவ்வளவுதான் மகனே. அடியில் ஏதோ பெரிதாக உருண்டு எழுந்தது, ஊஞ்சல் முன்னால் போகிற மாதிரி போனது. காற்று கண்ணில் அடித்தது. அவனுடைய ஒரு காது முன்னால், ஒரு காது என்னிடம். இத்தனை வருடம் இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. தொட்டி நெருங்கியதும் உட்கார்ந்தேன், கையை விட்டேன். நின்றான். வேலியோரம் அப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார், கத்தக்கூடாது என்று காவேரி சொல்லியிருந்ததால். காவேரி என் பக்கம் வந்துவிட்டாள். பாக்கி நீ ஒருத்தன்தான்.

இப்போது, நான் எதற்காக அந்த முதல் நாள் சட்டென்று "நான் ஏறுகிறேன்" என்று சொன்னேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலெக்டர் மேல் இரக்கப்பட்டு மட்டும் இல்லை. அவனை விற்றுவிட்டால் உனக்கு இங்கே திரும்பி வர ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். நாங்கள் இரண்டு பேர் போதாது, குதிரையும் இருந்தால் வருவான் என்று கணக்குப் போட்டேன். விமான நிலையத்தில் எல்லாரும் பார்க்க உன் கையை என் தலையில் வைத்து, ஒரே வருஷம், அதற்கு மேல் இருக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேனே, அதே புத்திதான். அதற்குப் பிறகு தினமும் போனில், எப்போது வருவாய், லீவு கேட்டாயா, டிக்கெட் பார்த்தாயா. நான் கேட்கக் கேட்க நீ பேசுவது குறைந்துகொண்டே போனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆனது, பிறகு ஞாயிறு மட்டும் என்று ஆனது. பையன் மாறிவிட்டான் என்று அப்பாவிடம் அழுதேன். மாறவில்லை. நான் இறுக்கிப் பிடித்தேன், நீ ஓடினாய்.

அந்தச் சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உன் கை என் தலையில் இல்லை என்று வைத்துக்கொள். அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் இரு, நன்றாக இரு. யாரையாவது பிடித்திருந்தாலும் சொல், நான் மூச்சை விட்டுக்கொண்டு கேட்கிறேன். கலெக்டரைக் காட்டி உன்னைக் கூப்பிடமாட்டேன், அவன் உனக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று கதை கட்டமாட்டேன். நிற்கவும் இல்லை. ஆட்டம் நின்றுவிட்டது, உடம்பு தேறிவிட்டது, காலையில் எங்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கனைக்கிறான். அவன் உனக்கு வேண்டும் என்பதற்காக விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு வேண்டும். அப்பாவுக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் காவேரிக்கு ஒரு வரி எழுதிவிடு, கலெக்டர் இனி என் அம்மாவின் குதிரை என்று.

ஊருக்கு எப்போது வர வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது வா. முன்கூட்டி ஒரு போன் செய்துவிட்டு வா. காலையில் நாங்கள் வீட்டில் இருப்பதில்லை.

அம்மா